இடி வாங்கிய மோனா

விண்மீன்களுக்கு நடுவே ஒரு வாயுமேகம் இருந்தது. தனக்குள் ஒரு விண்மீன் பிறக்க வேண்டும் என்று அதற்கு வெகுகால ஆசை. அதற்கு மேகம் சுருங்க வேண்டும். ஆனால் உள்ளே கோடிக்கணக்கான ஹைட்ரஜன்கள் ஓடி ஓடி முட்டிக்கொண்டே இருந்ததால் மேகத்தால் சுருங்க முடியவில்லை.

அந்தக் கூட்டத்தில் மோனா என்ற கார்பன் மோனாக்சைடு மூலக்கூறும் இருந்தாள். ஒருநாள் முரட்டு ஹைட்ரஜன் ஒருவன் அவளை இடித்துவிட்டான். மோனா பம்பரமாகச் சுழன்றாள். சில மாதம் அப்படியே சுழன்றவள், வாங்கிய இடியை ஒரு ரேடியோ அலையாக்கி மேகத்துக்கு வெளியே அனுப்பிவிட்டு நிதானமாக நின்றாள்.

ஹைட்ரஜனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, இடிச்சவனைத் திருப்பி இடிக்க வேண்டாமா? கிடைச்ச வேகத்தை இப்படியா வெளியே விடுவாங்க?"

"திருப்பி இடிச்சா அது இங்கேயேதான் சுத்திக்கிட்டிருக்கும் அண்ணே. எனக்கு வெளியே அனுப்பத் தெரியும், அனுப்பிட்டேன். இன்னும் இருந்தா கொடுங்க."

அவன் ஆத்திரத்தோடு மறுபடி இடித்தான். அவள் மறுபடி சுழன்று, மறுபடி அனுப்பினாள். மற்ற ஹைட்ரஜன்களும் வந்து மோதிப் பார்த்தார்கள். மேகமெங்கும் மோனாவின் இனத்தார் இதையே செய்தார்கள். மோத மோத, மோதியவர்களின் ஓட்டம்தான் குறைந்தது. மேகம் குளிர்ந்து, மெல்லச் சுருங்கத் தொடங்கியது.

கடைசியில் அந்த முரடன் மெதுவாக அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"என்கிட்ட இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்மா. எனக்கு வெளியே விடத் தெரியல."

"வாங்கண்ணே," என்று மோனா தோளைக் காட்டினாள்.