பாவாயியின் முதலாளி

குழாயில் ஒருமுறை ஊதினால் போதும், நெஞ்சில் படிந்த தூசி யாருடையது என்று கருவி காட்டிக்கொடுத்துவிடும். அந்த முதலாளிதான் வைத்தியச் செலவை ஏற்க வேண்டும் என்பது சட்டம். நாச்சிமுத்துவுக்கு அவர் வேலை பார்த்த கல் உடைக்கும் கிரஷர்காரர்கள் அப்படித்தான் மருந்து கொடுத்தார்கள். இன்று அவர் மனைவி பாவாயி ஊதினாள். அதே கிரஷர் தூசி.

"ஆனா இவங்க அங்க வேலை பாக்கலைங்களே," என்றாள் நர்ஸ் நாச்சிமுத்துவிடம். "உங்க சட்டையைத் துவைச்சு ஏறின தூசி. முதலாளின்னு உங்க பேர்தான் வருது."

"நானே கூலிக்காரனுங்க. இவ மருந்துக்கு எங்க போவேன்?"

பாவாயி இருமலுக்கு நடுவே சிரித்தாள். "மருந்து கெடக்கட்டும் முதலாளி. முப்பது வருசமாச்சு, ஒருநாள் லீவாவது குடுங்க."

வீட்டுக்கு வந்ததும் அவரே சட்டையை வாளியில் முக்கினார். அரிசி களைந்ததுபோலத் தண்ணீர் வெளுத்தது. அதை அவர் பார்ப்பது அதுதான் முதல்முறை.