நாலு போதாதா?

“நீ என்ன சொன்னாலும் நான் போக மாட்டேன், அம்மா.”

“முதல்ல வாசி. அப்புறம் பேசு,” என்று அம்மா ஒரு புது வகுப்பின் நோட்டீசைச் சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஆறாம் வகுப்பு ஹேரினுக்குத் திங்கள் கணக்கு டியூஷன், செவ்வாய் ஆங்கிலம், புதன் பியானோ, வியாழன் மறுபடியும் கணக்கு, வெள்ளி கட்டுரை. மிச்சமிருப்பது சனிக்கிழமை ஒன்றுதான். அன்றைக்கு அப்பாவும் அவளும் ஹான் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போவார்கள். இன்றும் தூண்டில் பை வாசலில் தயாராக இருந்தது.

‘வாதங்களை எடைபோட்டு வாசிக்கும் வகுப்பு. சனிக்கிழமைதோறும், காலை பத்து முதல் மாலை ஐந்து வரை.’

ஹேரின் நிமிர்ந்தாள். “இதுல இருக்கிறதெல்லாம் சப்பைக் காரணம்னு காட்டிட்டா விட்டுடுவியா?”

“காட்டு, பார்க்கலாம்.”

“நூத்துக்குத் தொண்ணூத்தேழு பேர் முன்னேறிட்டாங்களாம். எதுல? எண்ணினது யாரு? ஒண்ணையும் காணோம்.”

அம்மா சுண்டு விரலை மடக்கினாள்.

“டியூஷனுக்குப் பேர்போன தேச்சி பக்கத்து அம்மாக்கள் எல்லாரும் அனுப்புறாங்களாம். எல்லாருக்கும் வந்தா நல்லதா? போன மாசம் நம்ம வீட்டுல எல்லாருக்கும் ஜுரம் வந்துச்சு.”

“அடிப்பாவி,” என்றாள் அம்மா. இன்னொரு விரல் மடங்கியது.

“பேராசிரியர் ஒருத்தர் பாராட்டியிருக்காராம். கீழே பொடி எழுத்துல பாரு. பல் மருத்துவம்.”

அப்பாவுக்குச் சூப்பு புரையேறியது. அம்மா அவரை முறைத்தபடியே மூன்றாவது விரலை மடக்கினாள்.

“வாசிக்கவே திணறின பையன் ஒரே வருஷத்துல முதலிடமாம். இருக்கிறது ஒரே ஒரு பையன். அவனுக்கும் ஒரு வயசு கூடியிருக்கு. வளர்ந்ததால வந்த புத்தியா, வகுப்பால வந்த புத்தியா? யாருக்குத் தெரியும்?”

நாலு விரல்கள் மடங்கிவிட்டன. அம்மா நீட்டியிருந்த கட்டை விரலையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவ்வளவுதானா?”

“நாலு போதாதா?”

அம்மாவின் முகம் வாடிப்போனது. “சரி, விடு. ரெண்டு பேரும் ஆத்துக்குக் கிளம்புங்க,” என்று நோட்டீசை எடுக்கக் கை நீட்டினாள்.

ஹேரின் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். அப்பாவோ அவள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அம்மாவோடு குடித்தனம் நடத்திய பன்னிரண்டு வருஷ அனுபவம் அவருக்கு. “இப்படி அரைகுறையா விடாதே. அடுத்த வாரமும் இதே நோட்டீஸ் வரும். அடியோட முடிச்சிடு,” என்று காதில் கிசுகிசுத்து, கடைசி வரியில் விரலை வைத்தார்.

‘இன்னும் மூன்றே இடங்கள். இன்றே சேருங்கள்.’

ஹேரினின் கண்கள் விரிந்தன. “ஆமா, இது அவசரப்படுறதுக்குத்தான் காரணம். சேர்றதுக்குக் காரணமே இல்லை.”

கட்டை விரலும் மடங்கியது. அம்மா எழுந்து வந்து மகளைக் கட்டிக்கொண்டு உச்சந்தலையில் முத்தமிட்டாள். “என் தங்கமே, வகுப்புக்கு இன்னும் அரை மணி நேரந்தான் இருக்கு. பையை எடு.”

“அதான் எல்லாத்தையும் உடைச்சிட்டாளே,” என்றார் அப்பா.

அம்மா நோட்டீசைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

‘நுழைவுத் தேர்வு: முன்பக்கத்தில் ஐந்து சப்பைக் காரணங்கள் உள்ளன. ஐந்தையும் கண்டுபிடிக்கும் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம். நான்கோடு நின்றவர்கள் அடுத்த வருடம் வரவும்.’