கொண்டைக்குருவிகள் அடங்கும் நேரம்

கொல்லைக்கோடியில் இருந்த உண்ணிப்புதரை வெட்டச் சவரிமுத்து விடவில்லை. "பனி முடியட்டும் பவுலின். கொண்டைக்குருவிங்க பழம் தின்னுட்டு அதுலதானே படுக்குது?" என்றான். கட்டியவளுக்கே ஒரு வாய்த் தண்ணீர் மொண்டு கொடுக்காத மனுஷன்! பவுலினுக்கு நெஞ்சில் முள் தைத்தது.

அந்தியில் புதர் முழுக்கக் குருவிகளின் கூச்சல்தான். பக்கத்தில் ஆள் போனால் மட்டும் சட்டென்று அடங்கும். கொஞ்ச நாளாக, கால் கழுவி வருகிறேன் என்று அவன் கொல்லைக்குப் போனதுமே அடங்கிவிடுகிறது. கால் கழுவும் தொட்டி இருப்பதோ பின்வாசல் படியோரம்.

இன்று அவனை எழவிடாமல் அடுப்படியிலேயே உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றினாள். புதர் கத்திக்கொண்டே இருந்தது. அப்பாடா என்று கரண்டியைக் கீழே வைத்தாள்.

கூச்சல் நின்றது.

"பூனையா இருக்கும்" என்றான் சவரிமுத்து, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் எதுவும் கேட்டிருக்கவில்லை.