கிரேனுக்கு மேலே ஒரு வயிறு

நூற்றிருபது மாடிக் கட்டடத்தின் கிரேன் கூண்டில் கழிப்பறை கிடையாது. இறங்கி ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை கீழே ஐம்பது பேர் கைகட்டி நிற்பார்கள். கிரேன் ஓட்டும் பரிபூரணத்தின் குடலோ எப்போது முறுக்கும் என்று சொல்லாது. பன்னிரண்டு வருஷமாக வெறும் வயிற்றோடுதான் ஏறுகிறாள். அப்படியும் மூன்று முறை பாதி வேலையில் இறங்கியிருக்கிறாள். இன்னொரு முறை இறங்கினால் கூண்டு வேறு ஆளுக்கு.

ஆறு மாதமாக விடிந்ததும் ஒரு டப்பிக்குள் ஊதுகிறாள். குடலில் இருக்கிற நல்ல கிருமிகளுக்கு அன்றைக்கு என்ன தீனி வேண்டுமோ, அதை டப்பி அவள் மூச்சை வைத்தே கண்டுபிடித்து, பொடியாகக் கலந்து தருகிறது. முதல் மாதம் வயிறு தவில்போல உப்பியது. அவள் அளவைக் குறைத்தாளே தவிர நிறுத்தவில்லை.

இன்று இரும்பு உத்தரம் பாதி உயரத்தில் தொங்கும்போது காற்று கிளம்பியது. இறக்கவும் முடியாது, ஏற்றவும் முடியாது. மூன்று மணி நேரம் விசையிலிருந்து கையெடுக்காமல் பிடித்திருந்தாள். காற்று அடங்கியதும் உத்தரத்தைத் தூணின் மேல் அலுங்காமல் உட்கார வைத்தாள்.

கீழே சிக்னல் காட்டும் இருளப்பன் ரேடியோவில் கூப்பிட்டான்.

"என்னக்கா, சத்தத்தையே காணோம்? வயிறு வேலையக் காட்டிருச்சா?"

"ஆமாடா. பசிக்குது."

இந்தக் கூண்டிலிருந்து அந்த வார்த்தையை அவன் கேட்டதே இல்லை.

"எங்கிட்ட மீன் குழம்புதான்க்கா இருக்கு. காரம் தூக்கலா இருக்குமே."

"பேசிட்டு நிக்காதடா. குடுத்து விடு."