ஏழு நாள் தண்ணி

வீடு காட்ட வந்த கம்பெனி ஆள் போன் பேச வெளியே போனதும், மாசிலாமணி படுக்கையறைச் சுவரை விரல் முட்டியால் தட்டினார். பொக்கென்று சத்தம் வந்தது. பூச்சு செங்கல்லைப் பிடிக்கவே இல்லை. இருபது வருஷச் சேமிப்பைக் கொட்டி வாங்கப் போகிற வீடு. யாரைத் திட்டுவது? இந்தப் புது நகரில் இந்த வீட்டைப் பூசிய கொத்தனாரே அவர்தான். சித்தாள், பக்கத்தில் நிற்கிற சம்சாரம் செவந்தி.

"ஏன்டி, பூசின சுவருக்கு ஏழு நாள் தண்ணி அடிக்கச் சொன்னேனே, அடிச்சியா?"

"மூணு நாள் அடிச்சேன். அப்புறம் அக்கா மகளுக்குச் சடங்கு வந்திருச்சு. நீ அடிக்கிறேன்னியே?"

"நான் எங்க அடிச்சேன்? எனக்கும் அங்கதானே பந்தி."

"அப்ப வாயை மூடு."

"வேணாம்டி. வேற நகர்ல பாப்போம்."

"அங்க பூசினவன் வீட்ல மட்டும் சடங்கே நடக்காதாக்கும்! இங்கயாவது எந்தச் சுவருன்னு நமக்குத் தெரியும்."

கம்பெனி ஆள் திரும்பி வந்தார். "என்னண்ணே, பூச்சு வேலையில ஏதும் குறை தெரியுதா?"

மாசிலாமணி அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"குறையா? தொழில் தெரிஞ்சவன் பூசியிருக்கான், தம்பி."