ரூபினி அனுப்பிய பத்திரிக்கை

கம்ப்யூட்டர் திரையில் சிவப்பு எச்சரிக்கை அரை மணி நேரமாக மினுக்கிக்கொண்டிருந்தது. ரூபினி கவனிக்கவே இல்லை. அவள் பொந்தியான் ஊர்க் கல்யாண மண்டபத்தில் மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டிருந்தாள். மனசுக்குள்தான். உடம்பு என்னவோ பத்து பாகாட் ஊரில், துணித் தொழிற்சாலை ஆபீஸின் ஏர்கோன் குளிரில்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டே நாள். நாதஸ்வரம் கேட்கிற மாதிரி இருந்தது. உற்றுக் கேட்டால் கீழே தையல் மெஷின்கள்.

"அலமாக்! ஒரு மீன் மாட்டிருச்சு, நீ தூங்குறியா?" பக்கத்து மேசை மதிவாணன் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

தூண்டில் போட்டதே ரூபினிதான். ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு அவள்தான் காவல். இப்போதெல்லாம் வைரஸ்கூடக் கல்யாணப் பத்திரிக்கை வேஷம் போட்டுக்கொண்டு வருகிறதே! யார் யார் ஏமாறுகிறார்கள் என்று சோதிக்க, தன் கல்யாணத்தையே வைத்து ஒரு பொய் மெயில் தட்டிவிட்டிருந்தாள். 'ரூபினி திருமணம். பத்திரிக்கையைப் பார்க்க இங்கே அழுத்தவும்.'

நாற்பத்திரண்டு பேருக்குப் போனது. நாற்பத்தொரு பேர் உஷார். ஒரே ஒருத்தர்தான் அழுத்தியிருந்தார். பேக்கிங் பிரிவு கிளார்க் கஸ்தூரி.

மேனேஜர் லெட்சுமணன் போனில் வந்தார். "டெஸ்ட்டு என்னாச்சு? யாராச்சும் மாட்டினாங்களா?"

"ஒரு ஆளு, சார்."

"மத்தியானத்துக்குள்ள பேரைக் குடும்மா. ஆள் குறைக்கச் சொல்லி மேல உத்தரவு. இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் கான்ட்ராக்ட் நீட்டிக்க முடியாது லா."

ரூபினிக்குப் பகீரென்றது. கஸ்தூரியக்கா புருஷனை இழந்து ஆறு வருஷம். பிள்ளைகள் ரெண்டும் இன்னும் பள்ளிக்கூடம். பாவம்தான். ஆனாலும் இப்படியா கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவது? கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனாள்.

கஸ்தூரி கன்னத்தில் கை வைத்து, ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா! கல்யாண மெயிலைத் திறந்தீங்களா?"

"ஆமாம்மா. உள்ள ஒண்ணுமே இல்ல, வெள்ளையா இருக்கு. நம்ம கம்ப்யூட்டர் பழசாச்சே, மெதுவா வரும்னு காத்துக்கிட்டிருக்கேன்."

"அரை மணி நேரமாவா?"

"அவ்ளோ நேரமா ஆச்சு? மாம்பழக் கலர்ல ஒரு சேலை இருக்கு. கட்டியே வருஷக்கணக்காச்சு. அதைக் கட்டலாமா, எத்தனை மணி பஸ்ஸைப் பிடிக்கலாம்னு அப்படியே யோசிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்."

"ஐயோ அக்கா, அது டெஸ்ட்டு! பொய் மெயில்! திறந்த உடனே எனக்குப் போன் பண்ணியிருந்தாலாவது காப்பாத்தியிருப்பேன். மேனேஜர் பேரைக் கேக்கறாரு. உங்க வேலைக்கே ஆபத்து, தெரியுமா?"

கஸ்தூரியின் முகம் வெளிறிப்போனது. "பொய்யா?"

"மத்தவங்க எல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சாங்க? கொஞ்சமாச்சும் யோசிக்க வேணாமா? போன வாரமே மேசை மேசையா வந்து எல்லார் கையிலயும் பத்திரிக்கை குடுத்தாச்சே! அப்புறம் எதுக்கு மெயில்ல அனுப்பப் போறேன்?"

கஸ்தூரி தலை குனிந்துகொண்டாள்.

"எனக்குக் குடுக்கலையேம்மா. என்னை மாதிரி ஆளுங்களை நல்ல காரியத்துக்குக் கூப்பிட உங்கம்மாவுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். அதான், அம்மாவுக்குத் தெரியாம நீ மெயில்ல அனுப்பியிருக்கியாக்கும்னு நெனச்சுட்டேன்."

அழைப்புப் பட்டியலில் அந்தப் பேரை அம்மா அடித்து நீக்கியபோது, சரியென்று தலையாட்டியவள் ரூபினிதானே! வெட்கம் பிடுங்கித் தின்றது.

கையிலிருந்த போன் அடித்தது. லெட்சுமணன்தான்.

"என்னம்மா, தப்பு பண்ண ஆளு யாரு? பேரைச் சொல்லு."

"ரூபினி, சார்."