சேதி சுமக்கும் பஸ்

“புளூடூத்தை ஆன் பண்ணுங்க, ஜன்னல் சீட்டைப் பிடிங்க!”

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் பாண்டியராஜ் தினமும் விடுகிற குரல் இது. ஆத்தூருக்கு அப்பால், டவரே எட்டாத மலையடி ஊர்களுக்குப் போகும் பஸ். சேதி சுமக்கும் ஆப்பைப் போனில் வைத்திருப்பவருக்கு ஜன்னல் சீட். ஊர்க்காரர்களுக்கு வந்த சேதிகள் டவுனிலேயே அதில் ஏறிக்கொள்ளும். ஊரில் பஸ் நின்றதும், பக்கத்தில் நிற்கும் உரியவர் போனுக்குத் தாவிவிடும். சுமப்பவரால் திறந்து பார்க்க முடியாது.

“அண்ணே, நீங்களும் போட்டுக்கங்களேன்” என்றான் கண்ணுசாமியிடம். கடைசி ஸ்டாப்பில் தேங்காய் வாங்கப் போகும் வியாபாரி அவர்.

“அடுத்தவன் சேதியச் சுமக்க நான் என்ன தபால்காரனா? சார்ஜ் போனா நீயா குடுப்ப? டிக்கெட்டக் கிழி.”

ஜன்னல் ஷட்டரைப் படக்கென்று இறக்கிவிட்டார்.

அன்றைக்கு நல்ல மழை. வண்டியில் ஏறியது அவர் ஒருவர்தான். பாண்டியராஜின் போனோ காலையிலேயே தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தது. டிரைவரிடம் இருப்பது பட்டன் போன்.

வழியெல்லாம் பாண்டியராஜுக்குக் கௌசல்யாவின் நினைப்புதான். நிறைமாதக்காரி. புருஷன் ஸ்டீபன்ராஜுக்குக் கப்பலில் வேலை. கடலில் புயல் என்று கேள்விப்பட்டதிலிருந்து, அவன் குரலில் ஒரு சேதி வராதா என்று, வழியிலுள்ள தன் ஊர் ஸ்டாப்பில் தினமும் வந்து நிற்கிறாள்.

இன்றும் நின்றிருந்தாள், குடையோடு.

“இன்னிக்கு ஒண்ணும் வராதும்மா. என் போன் செத்துருச்சு. ஈரத்துல நிக்காம வீட்டுக்குப் போ.”

அவன் சொல்லி வாய் மூடவில்லை, அவள் போன் சிணுங்கியது. காதில் வைத்தவள் குடையை நழுவவிட்டாள்.

“கரைக்கு வந்துட்டாகண்ணே! நல்லா இருக்காகளாம்!” அழுகையும் சிரிப்புமாகக் கை கூப்பினாள். “யாரு கொண்டாந்தாகளோ, அவுக பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும்!”

பாண்டியராஜ் வண்டிக்குள் திரும்பிப் பார்த்தான். வரிசையாகக் காலி சீட்டுகள். ஓரத்தில், போனை அவசரமாகத் துண்டுக்குள் செருகும் கண்ணுசாமி.

“அட, நீங்கதானா! வாய்தான் அப்படி, மனசு எம்புட்டுப் பெருசுண்ணே! இருங்க, அந்தப் பிள்ளையக் கூப்பிடுறேன். ஒரு வார்த்தை நன்றி சொல்லட்டும்.”

கண்ணுசாமி அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லிராத அப்பு. எம் மக ரோசக்காரி. அப்பன் சுமந்துக்கிட்டு வாரான்னு தெரிஞ்சா, நாளைக்கு ஸ்டாப்புக்கே வரமாட்டா.”